முதல் ஆட்டம் ஆடிவிட்டால் போதுமா? பெரிய கால்பந்து கிளப்பில் ஓர் இளைஞர் இடம் பிடிப்பது எப்படி

2015 மே 23 அன்று ரியல் மாட்ரிட் தன் சொந்த மைதானத்தில் கெட்டாஃபேயுடன் ஆடியது. இரண்டாம் பாதியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ வெளியே வந்தார். அவர் இடத்தில் 16 வயது நார்வே பையன் மார்ட்டின் ஓடெகார்ட் இறங்கினார். அந்த கிளப்பின் முதல் அணிக்கு அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. ரொனால்டோவுக்குப் பதிலாக இறங்கியவர் என்பதால் எதிர்பார்ப்பு எகிறியது. அப்புறம் என்ன நடந்தது? ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசியெடாட் என்று மூன்று கிளப்புகளுக்கு அடுத்தடுத்து லோனில், அதாவது சில காலத்துக்கு இரவலாக, போனார். மாட்ரிடில் அவருக்கென்று ஓர் இடம் கடைசிவரை அமையவில்லை. 2021இல் இங்கிலாந்தின் ஆர்சனலுக்குப் போனபிறகுதான் அவருடைய ஆட்டம் வேர்பிடித்தது. 2022இல் அந்த அணிக்குக் கேப்டனாகவும் ஆனார்.

கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒரு பையன் சீனியர் அணிச் சட்டையோடு களத்தில் இறங்கிவிட்டால் அவன் "வந்துவிட்டான்" என்று செய்தி வரும். ஆனால் முதல் ஆட்டம் ஆடுவது ஒரு படி. சீனியர் அணியின் 25 பேரில் ஒருவராக சீசன் முழுக்க இருப்பது இன்னொரு படி. முக்கியமான ஓர் ஆட்டத்துக்கு, எல்லா வீரர்களும் காயமில்லாமல் தயாராக இருக்கும்போதும், பயிற்சியாளர் யோசிக்காமல் உங்கள் பெயரை எழுதுகிறார் என்றால் அது மூன்றாவது படி. இடம் பிடிப்பது என்று நான் சொல்வது இந்த மூன்றாவதை மட்டும்தான். முதல் படியை எட்டிய பலர் இங்கே வந்து சேர்வதேயில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

திறமை போதாதது மட்டும் காரணமில்லை. சின்ன வயது அணிகளில் ஒரு பையன் தன் வயதுப் பையன்களோடு போட்டி போடுகிறான். 18 வயதில் பெரிய கிளப்பின் கதவருகே வந்து நிற்கும்போது போட்டி திடீரென்று உலகத்தோடு ஆகிவிடுகிறது. அந்த கிளப்பால் பிரேசிலிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ யாரை வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கமுடியும். அவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே தேசிய அணி வீரர் ஒருவர் இருப்பார். அவருக்கு மாற்றாக இன்னொருவரும் இருப்பார்.

பயிற்சியாளரின் நிலைமையையும் பாருங்கள். தொடர்ந்து நான்கைந்து ஆட்டம் தோற்றால் அவருடைய வேலையே போய்விடலாம். ஒரு பையனுக்கு 30 ஆட்டம் பொறுமையாகக் கொடுத்தால் இரண்டு வருடத்தில் அவன் பெரிய வீரன் ஆவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த இரண்டு வருடம் அவர் அங்கே இருப்பாரா என்பதுதான் தெரியாது. இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காத பயிற்சியாளர்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு யாரும் காலம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆடும் இடத்தைப் பொறுத்தும் கஷ்டம் மாறும். ஓரத்தில் ஓடும் விங்கர், முன்னால் நின்று கோலடிக்கும் ஸ்ட்ரைக்கர் போன்றவர்களைக் கடைசி 15 நிமிடத்தில் இறக்கிப் பார்க்கலாம். தப்பு செய்தால் பந்து எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான். நடுப் பின்களத்தில் நிற்கும் டிஃபெண்டர் தப்பு செய்தால் அது கோல். கோல்கீப்பர் நிலைமை இன்னும் மோசம். அணிக்கு ஒருவர்தான், அவரை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவதும் அபூர்வம். அதனால்தான் 2015 அக்டோபரில் ஏசி மிலான் அணி 16 வயது ஜான்லூயிஜி டொன்னரும்மாவை சசுவோலோவுக்கு எதிராக கோல்கம்பத்தின் முன் நிறுத்தியது அவ்வளவு பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அன்றைய பயிற்சியாளர் சினிஷா மிஹைலோவிச்சின் தைரியத்தையும் அதில் சேர்த்தே பாராட்டவேண்டும்.

அகாடமியிலிருந்து பெரியவர்களின் ஆட்டத்துக்கு

பெரிய கிளப்புகள் எல்லாவற்றுக்கும் அகாடமி, அதாவது சிறுவர்களை வளர்த்தெடுக்கும் பயிற்சிப் பள்ளி, உண்டு. பார்சிலோனாவின் லா மாசியா 1979இல் தொடங்கியது. பின்னாளில் அந்த அணியின் நட்சத்திரமான லமீன் யமால் அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 7. இங்கிலாந்தில் கிளப்புகள் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து முறைப்படி வீரர்களைப் பதிவு செய்துகொள்கின்றன. 16 வயதில் தேறியவர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகையோடு முழுநேரப் பயிற்சி. 17 வயது ஆனால் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் சிலரை வெளியே அனுப்புவார்கள். அந்த முடிவுகள் தவறிப்போவதும் உண்டு. ஹாரி கேன் சிறுவனாக ஆர்சனலில் இருந்தவர். "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு டாட்டன்ஹாமின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். தவறுக்கு ஒரு பெரிய காரணம், வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. இங்கிலாந்தில் வயதுப் பிரிவை செப்டம்பர் 1 வைத்துக் கணக்கிடுகிறார்கள். செப்டம்பரில் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பையனும் ஒரே அணியில் ஆடுவார்கள். 12 வயதில் அந்த 11 மாத வித்தியாசம் உயரத்திலும் வேகத்திலும் பளிச்சென்று தெரியும். பெரிதாக இருப்பவனைத் திறமைசாலி என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. இதைச் சரிசெய்ய, பிறந்த தேதியைவிட உடல் வளர்ச்சியின் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவைக்கும் முறையைச் சில அகாடமிகள் கடைப்பிடிக்கின்றன. எனக்கு அது மிக நியாயமான முறையாகத் தெரிகிறது.

அகாடமிக்கும் சீனியர் அணிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதை வேறுவேறு விதமாக நிரப்புகிறார்கள். ஸ்பெயினில் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணி, அதாவது பி அணி, கீழ்நிலை லீக்குகளில் மற்ற கிளப்புகளின் சீனியர் அணிகளோடு மோதும். முதல் அணி இருக்கும் அதே பிரிவுக்கு மட்டும் அது ஏறமுடியாது. ஜெர்மனியிலும் இரண்டாம் அணிகள் இப்படி ஆடும், ஆனால் மூன்றாம் பிரிவுக்கு மேலே ஏறமுடியாது. இங்கிலாந்தில் 21 வயதுக்குட்பட்டோருக்குத் தனி லீக். இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. கீழ்நிலை லீக்கில் உங்களை எதிர்த்து நிற்பவர் 32 வயதுக்காரராக இருப்பார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் அவருடைய அடுத்த வருட ஒப்பந்தம். முழங்கையும் தோளும் தாராளமாக வரும். சின்னப் பையன்களின் லீக்கில் அழகாக ஆடிக்கொண்டிருந்தவர் இங்கே முதல் மாதம் திணறிப்போவார். அந்தத் திணறல் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது.

வெளியே தெரியாத தேர்வு

ரசிகர்கள் பார்க்காத ஓர் இடத்தில்தான் பாதி முடிவு நடக்கிறது. அது பயிற்சி மைதானம். தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் இடைவெளி விடும்போது பெரிய கிளப்பின் வீரர்கள் பலர் தங்கள் நாடுகளுக்குப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு ஆள் குறையும். அப்போது அகாடமியிலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள். எண்ணிக்கைக்காக வந்தவர்கள் என்றாலும் பயிற்சியாளரின் கண்ணில் படுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அங்கே எதைப் பார்க்கிறார்கள்? வித்தைகளை இல்லை. அகாடமியில் அந்தப் பையன்தான் பெரிய ஆள். பந்து அவனிடம் வந்தால் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். இங்கே பந்து வருவதற்கு முன்னாலேயே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் ஒரு விநாடி தாமதித்தால் பந்து போய்விடும். எளிய பாஸை வேகமாகவும் சரியான காலுக்கும் கொடுக்கிறானா, பந்து போனதும் திரும்பி ஓடுகிறானா, எதிரணி தாக்கும்போது தன் இடத்தை விடாமல் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். இளம் வீரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பந்து தங்களிடம் இல்லாத நேரத்தில்தான். பந்தோடு செய்வது அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார்கள்.

சீனியர்களின் மனதையும் ஜெயிக்கவேண்டும். ஒரு பையனுக்குப் பந்தை நம்பிக் கொடுக்கலாமா என்பதை அவர்கள் பயிற்சியிலேயே முடிவு செய்துவிடுவார்கள். லியோனல் மெஸ்ஸி 2004 அக்டோபர் 16 அன்று எஸ்பான்யோலுக்கு எதிராக பார்சிலோனாவின் லீக் அணியில் அறிமுகமானார். முதல் கோல் 2005 மே 1 அன்று அல்பசெத்தேவுக்கு எதிராக வந்தது. அதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் ரொனால்டீனியோ, அன்றைய அணியின் ஆகப்பெரிய நட்சத்திரம். அந்த கோலுக்குப் பின் மெஸ்ஸியை அவர் முதுகில் சுமந்து கொண்டாடிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அணியின் மூத்தவர் ஒரு பையனை அப்படி ஏற்றுக்கொள்வது, பயிற்சியாளர் ஏற்றுக்கொள்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

சில சமயம் இடத்தையே மாற்றிக்கொள்ளவேண்டி வரும். லிவர்பூல் அகாடமியில் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடியவர். வலது பின்களத்துக்கு மாற்றப்பட்டார். 2017இல் அந்த இடத்தின் முதல் தேர்வான நதானியேல் கிளைன் காயத்தால் நீண்டகாலம் விலக, 18 வயதில் கதவு திறந்துவிட்டது. நடுக்களத்திலேயே நின்றிருந்தால் அவர் எத்தனை பேரைத் தாண்டவேண்டியிருந்திருக்கும்!

கதவு எப்போது திறக்கிறது?

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திறமை ஒருவரைக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தும். கதவைத் திறப்பது பெரும்பாலும் வேறு யாருக்கோ நடக்கும் ஏதோ ஒன்று.

2016 பிப்ரவரி 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா லீக்கில் டென்மார்க்கின் மிட்ஜுலாண்ட் அணியோடு மான்செஸ்டர் யுனைடெட் ஆடவேண்டும். முன்கள வீரர்கள் பலர் காயத்தில் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் வார்ம் அப்பில் அந்தோணி மார்சியாலுக்கும் காயம். வேறு வழியில்லாமல் 18 வயது மார்கஸ் ராஷ்ஃபோர்டு முதல் பதினொருவரில் சேர்க்கப்பட்டார். இரண்டு கோல் அடித்தார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராகத் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் தன் முதல் ஆட்டத்தில் இன்னும் இரண்டு. மார்சியாலின் தசை அன்று சரியாக இருந்திருந்தால் ராஷ்ஃபோர்டு எவ்வளவு காலம் காத்திருந்திருப்பாரோ. அந்த நேரத்தில் அவர் தயாராக இருந்தார் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கிளப்பின் சங்கடமும் கதவைத் திறக்கும். இளம் வீரர்களைப் பதிவு செய்வதில் விதிகளை மீறியதற்காக 2019இல் செல்சி புது வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை விதித்தது. வாங்கமுடியாது என்றானதும் ஃபிராங்க் லம்பார்டு பயிற்சியில் மேசன் மவுண்ட், டாமி ஆபிரகாம், ரீஸ் ஜேம்ஸ், ஃபிகாயோ டோமோரி என்று அகாடமிப் பையன்கள் வரிசையாக இடம் பிடித்தார்கள். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்தான். வாங்கும் வழி அடைபட்டபோதுதான் கிளப்பின் கண் அவர்கள் மேல் விழுந்தது. பார்சிலோனாவிலும் கடன் சுமையால் வாங்கும் சக்தி குறைந்த ஆண்டுகளில்தான் லா மாசியாவுக்கு மறுபடி மவுசு வந்தது. யமால் 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெட்டிஸுக்கு எதிராக 15 வயதில் கடைசிச் சில நிமிடங்கள் ஆடினார். அந்தக் கோடையில் வலது விங்கர் உஸ்மான் டெம்பெலே பாரிஸுக்குப் போனார். ஆகஸ்டிலேயே யமால் முதல் பதினொருவரில் இறங்கிவிட்டார்.

விதிகளும் கொஞ்சம் உதவுகின்றன. பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில், இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இங்கே வளர்வது என்றால் 21 வயதுக்குள் மூன்று சீசன் அங்கே பதிவாகியிருப்பது. எந்த நாட்டுக் குடிமகன் என்பது கணக்கில்லை. 21 வயதுக்குட்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் வரவே தேவையில்லை, அதற்கு வெளியிலிருந்தே ஆடலாம். ஐரோப்பியப் போட்டிகளில் 25 இடத்தில் 8 உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு, அதிலும் குறைந்தது 4 அதே கிளப்பில் வளர்ந்தவர்களுக்கு. ஆள் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேர் வரை மாற்றலாம் என்று 2020இல் வந்த விதியும், மூன்று கோல் முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளருக்கு ஒரு பையனை இறக்கிப்பார்க்கும் சுதந்திரத்தைக் கொடுத்தது.

பணம் மட்டும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. வாங்கிய வீரரின் விலையைக் கிளப் தன் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதும். அகாடமி வீரருக்கு அப்படி வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. ஆகவே அவரை விற்றால் வரும் தொகை முழுக்க லாபமாகக் கணக்கில் ஏறும். வரவுசெலவு விதிகளுக்குள் நிற்கத் தவிக்கும் கிளப்புக்கு இது பெரிய சபலம். செல்சியின் மவுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், கோனர் கல்லகர் 2024இல் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கும் போனார்கள். சிறு வயதிலிருந்து அதே கிளப்பில் வளர்ந்தவர்கள் கணக்குப் புத்தகத்தின் வசதிக்காக முதலில் விற்கப்படும் நிலை வந்திருப்பதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காத்திருப்பதா, போய்வருவதா?

சரி, கதவு திறக்கவில்லை. என்ன செய்வது? லோனில் போகலாம். ஹாரி கேன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்குப் போய்வந்து, 2014-15 சீசனில்தான் டாட்டன்ஹாமில் நிலைத்தார். பில் ஃபோடன் நேர்மாறு. பயிற்சியாளர் பெப் குவார்டியோலா அவரை எங்கேயும் அனுப்பவில்லை. 2017இல் மான்செஸ்டர் சிட்டிக்கு அறிமுகமாகி, நடுக்களத்தின் மூத்த வீரர் டேவிட் சில்வா 2020இல் விலகும்வரை கிடைத்த நிமிடங்களைப் பொறுமையாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதே அகாடமியில் அவரோடு இருந்த ஜேடன் சாஞ்சோ 17 வயதில் பொருசியா டார்ட்மண்டுக்கே போய்விட்டார், அங்கே சீக்கிரமே நட்சத்திரமானார். எது சரியான வழி என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் 20 வயதில் ஒரு முழு சீசனை பெஞ்சில் உட்கார்ந்து கழிப்பதைவிட, சின்ன கிளப்பில் 30 ஆட்டம் ஆடுவது நல்லது என்பது என் கட்சி.

இடம் பிடித்த பிறகு

பெரும்பாலான கட்டுரைகள் இதைப் பேசாமல் விட்டுவிடுகின்றன. முதல் சீசனில் எதிரணிக்கு உங்களைத் தெரியாது. இரண்டாவது சீசனில் உங்கள் ஒவ்வொரு அசைவையும் வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். இடது காலுக்குப் பந்தை மாற்றித்தான் உதைப்பீர்கள் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்கள். அப்போது வேறு ஒரு பதில் கையில் இருக்கவேண்டும்.

உடல் அதைவிடப் பெரிய கவலை. எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் மூன்று நாளைக்கு ஓர் ஆட்டம் என்பது கொடுமை. அன்சு ஃபாத்தி 2019 ஆகஸ்டில் 16 வயதில் பார்சிலோனாவுக்கு ஆட வந்தார். 2020 நவம்பரில் முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. 2021இல் மெஸ்ஸி விட்டுப்போன 10ஆம் எண் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள், ஆனால் பழைய ஆட்டம் அங்கே திரும்பவேயில்லை. காயம் துரதிர்ஷ்டம்தான், யாரையும் குற்றம் சொல்லமுடியாது. அந்தச் சட்டையின் சுமையை 18 வயதுப் பையன் மேல் ஏற்றியது தேவையில்லாத வேலை.

மனசும் தாங்கவேண்டும். போயான் கிர்கிச் 2007இல் 17 வயதில் பார்சிலோனா அணிக்கு வந்தார், "அடுத்த மெஸ்ஸி" என்றார்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2008 யூரோ போட்டியில் ஸ்பெயினுக்கு ஆடும் வாய்ப்பு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவர் போகவில்லை. மனப்பதற்றம்தான் காரணம் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். அப்படிப் பேசியது பெரிய உதவி. இன்று ஓர் 18 வயதுப் பையன் மோசமாக ஆடும்போது வலைத்தளங்களில் வந்து விழும் வார்த்தைகளை நினைத்தால், அந்த உதவி எல்லாருக்கும் போய்ச் சேரவேண்டும் என்று தோன்றுகிறது.

பிடித்த இடம் நிரந்தரமும் கிடையாது. கோபி மைனூ 2023 நவம்பரில் எவர்டனுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் முதல் பதினொருவரில் பிரீமியர் லீக்கில் முதன்முறையாக இறங்கினார், இங்கிலாந்தின் 2024 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் கோலும் அடித்தார். பயிற்சியாளர் மாறினார், ஆடும் முறை மாறியது. 2025-26 சீசனின் முதல் மாதங்களில் லீக் ஆட்டங்களை அவர் பெஞ்சிலிருந்தே பார்த்தார்.

நீங்கள் ஓர் இளம் வீரரைப் பின்தொடர நினைத்தால் கோல் கணக்கை விட்டுவிட்டு வேறு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எத்தனை ஆட்டம் என்பதைவிட எத்தனை ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இறங்கினார் என்று பாருங்கள். அந்த ஆட்டங்கள் சின்ன அணிகளுடனான கோப்பை ஆட்டங்களா, லீக்கில் முன்னணியில் இருக்கும் அணிகளோடா என்று பாருங்கள். காயத்திலிருந்து சீனியர் வீரர் திரும்பி வந்த வாரம் இவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்காமல் பாருங்கள். இவற்றோடு சட்டை எண்ணும் ஏதோ சொல்லும். ஸ்பெயின் லீக்கில் 1 முதல் 25 வரைதான் முதல் அணிக்கு. பி அணியிலிருந்து வருபவர்களுக்கு அதற்கு மேல்தான். யமால் 41ஆம் எண்ணில் அறிமுகமானார், அடுத்த சீசனில் 27, அதற்கடுத்து 19, 2025இல் 10.